பக்கம் ஒன்று, கேள்வி உண்டா? சிகாகோ பல்கலைக்கழகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் நோபல் பட்டியலை முதலில் எடுத்து வைப்பார்கள். அந்தப் பட்டியலை அளவுகோலாகக் கொள்ள முடியாது. அங்கே படித்தவர், பாடம் நடத்தியவர், சில ஆண்டுகள் ஆய்வு செய்துவிட்டு வேறிடம் போனவர் என எல்லோரையும் சேர்த்தால்தான் நூறை ஒட்டிய கணக்கு வருகிறது. அதே ஆட்கள் இன்னும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டியலிலும் இருப்பார்கள். ஒரு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் உலகில் எப்படிச் செல்வாக்குப் பெறுகிறது என்று தெரிந்துகொள்ள, பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு உள்வேலையைப் பார்க்க வேண்டும். அச்சகம் எதை அச்சிடுகிறது, கருத்தரங்கில் யார் எப்போது வாய் திறக்கலாம், தேர்வுத்தாளை யார் திருத்துகிறார்கள், நூலகம் எதை வாங்குகிறது, பணம் எங்கிருந்து வருகிறது என்பவையே அந்த உள்வேலை.

எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் எழுத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்ப்பது சிகாகோவின் குணம். அங்கிருந்து வெளியே போன சில விஷயங்களோடு இந்தப் பழக்கமும் போனது. சிலவற்றில் முடிவு மட்டும் போனது, பழக்கம் வீட்டிலேயே தங்கிவிட்டது. இந்த இரண்டு வகைக்கும் இடையே உள்ள வேறுபாட்டையே இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

பணம், ஆள், நாட்காட்டி

சிகாகோவில் அதே பெயரில் முன்பே ஒரு பல்கலைக்கழகம் இருந்து, கடனில் மூழ்கி 1886-ல் மூடப்பட்டது. இப்போது உள்ளது அதன் பிறகு வந்தது. 1889-ல் ஜான் டி. ராக்ஃபெல்லர் 6 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார். ஓராண்டுக்குள் மற்றவர்களிடம் 4 லட்சம் டாலர் திரட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பாப்டிஸ்ட் கல்விச் சங்கத்தார் ஊர் ஊராகப் போய்த் திரட்டினார்கள். வணிகர் மார்ஷல் ஃபீல்டு நிலம் கொடுத்தார். 1890-ல் பல்கலைக்கழகம் பதிவானது. 1892 அக்டோபர் 1 அன்று வகுப்புகள் தொடங்கின.

முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், எபிரேய மொழி அறிஞர், பதினெட்டு வயதிலேயே யேலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆள் சேர்ப்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. மாசசூசெட்ஸில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கும் தலைவருக்கும் மனக்கசப்பு என்று தெரிந்ததும் 1892 வசந்தத்தில் நேரே அங்கே போய், ஆசிரியர்களில் பெரும்பகுதியைத் தன் பக்கம் இழுத்து வந்தார். ஒளியின் வேகத்தை அளந்த மைக்கல்சன் அப்படி வந்தவர்தான். 1907-ல் அறிவியலில் நோபல் பெற்ற முதல் அமெரிக்கர் ஆனார். துறைத் தலைமைப் பேராசிரியர்களுக்கு ஹார்ப்பர் ஆண்டுக்கு 7,000 டாலர் வரை கொடுத்தார். அந்தக் காலத்துப் பேராசிரியர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகத் தொகை.

சம்பளம் போலவே நாட்காட்டியிலும் அவர் கை வைத்தார். கோடையையும் சேர்த்து ஆண்டை நான்கு சமமான காலாண்டுகளாகப் பிரித்தார். ஆசிரியர் மூன்றில் கற்பித்தால் போதும், நான்காவது ஆய்வுக்கு. கூடுதலாக ஒரு காலாண்டு கற்பித்தால் அதைச் சேமித்துவைத்து, பிறகு நீண்ட விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம். மாணவர் எந்தக் காலாண்டிலும் சேரலாம், எந்தக் காலாண்டிலும் பட்டம் வாங்கலாம். ஆய்வுக்கு நேரம் என்பது தலைவர் மனமிரங்கித் தரும் சலுகையாக இல்லாமல் கால அட்டவணையிலேயே உட்கார்ந்துகொண்டது. இதன் தொல்லை மாணவர் பக்கம். பாடம் ஏறத்தாழ பத்து வாரத்தில் முடிந்துவிடும், மூன்றாம் நான்காம் வாரத்திலேயே இடைத்தேர்வு வந்துவிடும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பருவத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

இந்தத் தொடக்கத்தில் ஒரு கறையும் உண்டு. புல்மன் ரயில் வேலைநிறுத்தம் நடந்த அடுத்த ஆண்டு, 1895-ல், பொருளியல் ஆசிரியர் எட்வர்ட் பெமிஸ் வெளியேற்றப்பட்டார். திறமைக் குறைவு என்றது நிர்வாகம். ஏகபோக நிறுவனங்களைப் பற்றி அவர் பேசியதுதான் காரணம் என்றது ஊர். கருத்துச் சுதந்திரத்துக்குப் பேர்போன இடத்தின் வரலாற்றை இங்கிருந்து படிப்பதுதான் நேர்மை.

அச்சகமும் ஆய்விதழ்களும்

பல பல்கலைக்கழகங்கள் பெரிதாக வளர்ந்த பிறகுதான் அச்சகம் தொடங்கின. ஹார்ப்பர் வகுப்பு தொடங்கும் முன்பே, 1891-ல், அச்சகத்தைப் பல்கலைக்கழகத்தின் மூல உறுப்புகளில் ஒன்றாக வைத்துவிட்டார். பேராசிரியர்கள் கையெழுத்துப் பிரதியை நேரே அச்சுக்கோப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் எழுத்தைக் கூட்டிப் படித்துக் கோப்பார். பிறகு மெய்ப்புத் திருத்துபவர்கள் பிழையையும் முரணையும் களைவார்கள். எபிரேயம் முதல் கணிதக் குறியீடு வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கோக்கப்பட்டதால், எங்கே காற்புள்ளி, எது சாய்வெழுத்து, அடிக்குறிப்பு எப்படி என்று ஒவ்வொரு முறையும் சண்டை. சண்டையை நிறுத்த ஒரு தாளில் விதிகளை எழுதி மாட்டினார்கள். அது வளர்ந்து துண்டறிக்கையாகி, 1906-ல் நடைக் கையேடாக வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மதுரை மாணவரும் அடிக்குறிப்புக்குச் ‘சிகாகோ முறை’ என்று சொல்வது இதைத்தான்.

ஆய்விதழ்களும் அதே வேகத்தில் வந்தன. அரசியல் பொருளாதார இதழ் 1892, நிலவியல் இதழ் 1893, வானியற்பியல் இதழும் சமூகவியல் இதழும் 1895. இதழ் கையில் இருந்தால் ஒரு துறையின் வாசற்கதவு கையில் இருக்கிறது என்று அர்த்தம். எது ஆய்வு, எது வெறும் கருத்து என்று தரம் பிரிக்கும் இடம் அதுவே.

சுப்ரமணியன் சந்திரசேகரின் சிகாகோ வாழ்வில் தமிழர்கள் அதிகம் பேசாத பகுதி இங்கேதான் வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரி, கேம்பிரிட்ஜ் வழியாக 1937-ல் விஸ்கான்சினில் உள்ள யெர்க்கிஸ் வான்காணகத்துக்கு வந்தார். நகர வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதை, தோலின் நிறத்தைக் காரணம் காட்டி ஒரு புல முதல்வர் தடுக்கப் பார்த்தார். அப்போதைய தலைவர் ஹட்சின்ஸ் குறுக்கிட்டு அதை மீறி நடத்தச் செய்தார். இரண்டே மாணவருக்காகப் பனியில் காரோட்டிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட, 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியராக அவர் உழைத்த பத்தொன்பது ஆண்டுகள்தான் அந்தத் துறையின் முகத்தை மாற்றின. அவர் கையில் எடுத்தபோது ஆண்டுக்கு ஆறு இதழ், மொத்தம் ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான பக்கம். விட்டபோது ஆண்டுக்கு இருபத்துநான்கு இதழ், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் பக்கம். 1967-ல் அவசரக் கண்டுபிடிப்புகளுக்கான குறுங்கட்டுரைகளைத் தனி இதழாகப் பிரித்தார். ஒரு பல்கலைக்கழகத்தின் வீட்டு இதழாக இருந்ததை நாடு முழுமைக்குமான இதழாக்கி, அமெரிக்க வானியல் கழகத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு விலகினார். இதற்கு விலையும் இருந்தது: அவ்வளவு பக்கத்தையும் ஒரே ஆள் மேற்பார்த்தால் அவருடைய ரசனையே துறையின் எல்லையாகும் ஆபத்து உண்டு.

பயிலரங்கு எப்படி நடக்கும்

பொருளியல் துறையில் 1950களில் உருவான பயிலரங்கு முறையைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்தால் இப்படி இருக்கும். கட்டுரை முன்கூட்டியே எல்லோருக்கும் போய்விடும். படிக்காமல் வருவது அவமானம். எழுதியவருக்கு முன்னுரையாகப் பேசச் சில நிமிடம்தான். மில்டன் ஃப்ரீட்மன் நடத்திய பணவியல் பயிலரங்கில் அடுத்து வருவது: பக்கம் ஒன்று, கேள்வி உண்டா? பக்கம் இரண்டு? கடைசிப் பக்கம்வரை போகாமலே நேரம் முடிந்துவிடும் நாட்கள் உண்டு. ஒதுங்கி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அனுமதி இல்லை. வருபவர் தானும் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் யோசித்தால் இந்த விதிகளின் கணக்குப் புரியும். கட்டுரையைப் படித்துவிட்டே வருவதால் பேச்சுத்திறமையால் ஓட்டையை மறைக்க முடியாது. பக்கவாரியாகப் போவதால் ‘மொத்தத்தில் அருமை’ என்று சொல்லித் தப்ப வழியில்லை. எல்லோரும் கட்டுரை தரவேண்டியிருப்பதால் இன்று வெட்டுபவர் நாளை வெட்டப்படுவார். மாணவருக்கும் பேராசிரியருக்கும் ஒரே கத்தி.

கெட்டுப்போகும் இடங்களும் அதே விதிகளில்தான் இருக்கின்றன. சட்டென்று பேசுபவருக்கே மேடை கிடைக்கிறது. மெதுவாகச் சிந்திப்பவர், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர், அந்த அறையில் ஒற்றை ஆளாக இருந்த பெண் ஆகியோரின் கேள்விகள் உள்ளேயே நின்றுவிடும். அதோடு, எல்லோரும் ஒரே விலைக் கோட்பாட்டில் பழகியவர்கள் என்றால் பக்கவாரியான வெட்டு கோட்பாட்டின் அடித்தளத்தைத் தொடுவதே இல்லை. கணக்குப் பிழையைப் பிடிக்கும், கருதுகோளைக் கேள்வி கேட்காது. சமூக அறிவியல் கட்டடத்தின் முகப்பில், அளக்க முடியாத அறிவு மிகக் குறைந்த அறிவு என்ற பொருளில் கெல்வின் பிரபுவின் வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. ‘அளக்க முடியாவிட்டாலும் அளந்து தொலை என்கிறார்கள்’ என்று அதே துறையின் ஃபிராங்க் நைட் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். உள்ளேயே அப்படி ஓர் ஆள் இருந்ததுதான் அந்தத் துறைக்குப் பாதுகாப்பு.

முறை ஒழுங்காக வேலை செய்ததற்குப் பெயர்பெற்ற உதாரணம் பொருளியலாளர் ரொனால்டு கோஸ். 1960-ல், சொத்துரிமை தெளிவாக வரையறுக்கப்பட்டு பேரத்துக்குச் செலவில்லாமல் இருந்தால், புகை விடும் ஆலைக்கு வரி போடாமலே சிக்கல் தீரும் என்ற அவர் வாதம் தவறு என்று சிகாகோக்காரர்கள் நினைத்தார்கள். சிகாகோ சட்டப் பள்ளியின் பொருளியலாளர் ஆரன் டைரக்டர் வீட்டில் ஒரு மாலை இருபது பேர் கூடினார்கள். தொடக்கத்தில் வாக்கெடுத்தபோது கோஸ் பக்கம் அவர் ஒருவர்தான். கலையும்போது எல்லோரும் அவர் பக்கம். இதைப் பதிவு செய்தவர் தோற்ற அணியில் இருந்த ஜார்ஜ் ஸ்டிக்லர்.

ஹட்சின்ஸின் தேர்வுத்தாள்

ராபர்ட் ஹட்சின்ஸ் 1929-ல் முப்பது வயதில் தலைவரானார். 1939-ல் அமெரிக்கக் கால்பந்து அணியைக் கலைத்தார் என்பதை அமெரிக்கர்கள் இன்றும் சொல்வார்கள். இளங்கலையில் அவர் காலத்தில் வந்த மாற்றம் அதைவிட ஆழமானது. 1931 திட்டப்படி பாடத்துக்கு வந்தாயா இல்லையா என்பது கணக்கில்லை. பல மணி நேரம் நீளும் பொதுத்தேர்வில் தேறினால் போதும். தேர்வை வகுப்பாசிரியர் வைக்கவில்லை, தனி அலுவலகம் வைத்தது. மாணவர் ஆசிரியரைக் காக்காய் பிடிக்கத் தேவையில்லாமல் போனது, ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று தேர்வை எதிர்கொண்டார்கள்.

இதை இன்னும் நீட்டி, 1942 முதல் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் சேர்த்து இளங்கலைப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதும் திட்டம் உடைந்தது. பாடத்தில் குறையில்லை. மற்ற பல்கலைக்கழகங்களின் முதுகலைப் பிரிவுகள் அந்தப் பட்டத்தை முழுப் பட்டமாக ஏற்கத் தயங்கின. உயர்நிலைப் பள்ளிகள் தங்கள் கெட்டிக்கார மாணவர்களைப் பாதியில் இழக்க விரும்பவில்லை. 1950களின் தொடக்கத்தில் இளங்கலைச் சேர்க்கை பாதிக்கும் கீழே சரிந்தது. 1953-ல் பழைய நான்காண்டு வடிவத்துக்குத் திரும்பினார்கள். மூலநூல்களைச் சிறு குழுவாக அமர்ந்து படிக்கும் பொதுப்பாடம் மட்டும் தங்கிவிட்டது.

கிராஃபைட் அடுக்கு

1942 டிசம்பர் 2. மூடிக்கிடந்த அந்தக் கால்பந்து அரங்கின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில், பந்தடிக்கும் கூடம் ஒன்றில், இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் தன்னியங்கு அணுத் தொடர்வினையை நிகழ்த்தியது. நகருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாக இருந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கட்டடம் தாமதமானதால், நெரிசலான நகரத்தின் நடுவே கட்ட, திட்டத்தின் தலைவர் ஆர்தர் காம்ப்டன் ஒப்புக்கொண்டார். தலைவர் ஹட்சின்ஸிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை என்று காரணம் சொன்னார்.

நவம்பர் 16-ல் அடுக்கத் தொடங்கி, பன்னிரண்டு மணி நேர முறையில் இரவு பகலாக வேலை நடந்தது. மொத்தம் 57 அடுக்குகள், சுமார் 360 டன் கிராஃபைட், ஏறத்தாழ 45 டன் யுரேனியம் ஆக்சைடு, ஐந்தரை டன்னை ஒட்டிய யுரேனிய உலோகம். கிராஃபைட் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் அதில் போரான் கலப்பு இம்மியளவு இருந்தாலும் நியூட்ரானை விழுங்கிவிடும். ஜெர்மனியில் 1941-ல் கிராஃபைட் பயன்படாது என்று முடிவெடுத்து அவர்கள் கனநீர் பக்கம் போனதற்கு இந்தக் கலப்புதான் காரணம் என்பது பரவலான கருத்து. சிகாகோவில் வந்த கிராஃபைட்டைத் தொகுதி தொகுதியாகச் சோதித்து, தூய்மையானதை நடுவிலும் மட்டமானதை ஓரத்திலும் வைத்தார்கள். காட்மியம் பொதிந்த கட்டுப்பாட்டுத் தண்டுகளில் ஒன்றை ஜார்ஜ் வெய்ல் அடி அடியாக வெளியே இழுத்தார். ஃபெர்மி ஒவ்வொரு இழுப்புக்கும் அளவி எவ்வளவு காட்டும் என்று கணக்கிட்டு முன்கூட்டியே சொன்னார். உச்ச ஆற்றல் அரை வாட், ஓடியது 28 நிமிடம். கதிர்வீச்சுக் கவசமும் இல்லை, குளிர்விப்பானும் இல்லை.

அளந்து பார்த்து அடுத்த அடி வைக்கும் இந்தப் பழக்கம் உலையைத் தாண்டி வெளியே போகவில்லை. 1945 ஜூனில் ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் ஏழு பேர் கையெழுத்திட்ட அறிக்கை, அணுகுண்டை ஜப்பானிய நகரின்மேல் முன்னறிவிப்பின்றிப் போடாதீர்கள், ஆளற்ற இடத்தில் வெடித்துக் காட்டுங்கள் என்றது. சில நாட்களில் நால்வர் அறிவியல் குழு அதை நிராகரித்தது. அந்த நால்வரில் ஃபெர்மியும் காம்ப்டனும் இருந்தார்கள். ஜூலையில் இயற்பியலாளர் லியோ சிலார்டு எழுபது பேரிடம் வாங்கிய மனு, குண்டு விழும்முன் அதிபரின் பார்வைக்கே போகவில்லை. தோற்ற தரப்பு அதே ஆண்டின் இறுதியில் அணு விஞ்ஞானிகளின் இதழைத் தொடங்கியது. 1947-ல் அதன் அட்டையில் நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் முன் நிற்கும் கடிகாரம் வந்தது.

சோதனையோடு போன ஒரு முறை

அதே உலைத் தலைமுறையில் இருந்து வந்த வில்லார்டு லிபியின் ரேடியோ கார்பன் காலக்கணிப்பு வேறு விதமாகப் பயணித்தது. செத்துப்போன மரத்தில் கார்பன்-14 சிதைந்துகொண்டே வரும். மீதியை அளந்தால் வயது தெரியும். 1949-ல் லிபியும் ஜேம்ஸ் அர்னால்டும் வெளியிட்ட கட்டுரையில் புதிய வயதுகள் முக்கியமல்ல. எகிப்திய மன்னர் ஜோசரின் கல்லறை மரம் போல, வயது ஏற்கெனவே தெரிந்த பொருள்களை அளந்து வளைகோட்டில் பொருத்திக் காட்டியதுதான் அதன் உயிர். முறையைக் கடன் வாங்கிய ஒவ்வொரு ஆய்வகமும் இந்தச் சோதனையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

அதனால் பிழையும் அதே வழியில் பிடிபட்டது. லிபி கொண்ட அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 5,568 ஆண்டு. பின்னர் 5,730-க்கு அருகில் என்று தெரிந்தது. காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவு என்ற அவர் கருதுகோளும் தப்பு என்று மர வளையங்கள் காட்டின. பழைய அரை ஆயுளையே மரபாக வைத்துக்கொண்டு, மர வளைய அட்டவணையால் திருத்தும் ஏற்பாடு நிலைத்தது. லிபிக்கு அன்று பல கிராம் கரி வேண்டியிருந்தது. இன்று அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமாலைமானிக்கு மில்லிகிராம் போதும். கீழடியின் கி.மு. 580 இந்தப் பாதையில் வந்த எண்தான். திருத்தப்பட்ட வயதா, திருத்தாத வயதா, பிழை இடைவெளி எவ்வளவு என்று கேட்காமல் அந்த எண்ணை மட்டும் மேடையில் சொல்வது லிபிக்குச் செய்யும் அநியாயம்.

சிலே

1955-ல் சிகாகோ பொருளியல் துறைத் தலைவர் தியோடர் ஷுல்ட்ஸ் சாண்டியாகோ போனார். அமெரிக்க அரசின் உதவி முகமை பணம் தரத் தயாராக இருந்தது. சிலேயின் அரசுப் பல்கலைக்கழகத்தோடு பேச்சு பலிக்கவில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. 1956 ஒப்பந்தப்படி சிகாகோ ஆசிரியர்கள் அங்கே போய் ஆய்வு மையம் அமைப்பார்கள், தேர்ந்த மாணவர்கள் சிகாகோ வந்து படிப்பார்கள், திரும்பியவர்கள் அங்கே முழுநேர ஆசிரியர் ஆவார்கள். மூன்றாவது விதிதான் கெட்டிக்காரத்தனம். வழக்கறிஞர் தொழிலுக்கு இடையே வந்து பாடம் நடத்திப் போகும் பகுதிநேர ஆசிரியர்களை, ஒரே இடத்தில் ஒரே மாதிரி பயின்ற முழுநேரக் குழு பத்தாண்டில் ஓரங்கட்டிவிட்டது. 1970 வரை சுமார் நூறு பேர் சிகாகோவில் படித்தார்கள். ஆர்னால்டு ஹார்பர்கர் அவர்களுக்கு ஆசிரியர், வழிகாட்டி, பலருக்குக் குடும்ப நண்பர்.

நாட்டின் தேர்தல் அரசியலில் இவர்களுக்கு மதிப்பு இருக்கவில்லை. இடதுசாரி அதிபர் அயெண்டேயின் ஆட்சியின்போது கமுக்கமாக ஒரு பொருளாதாரத் திட்டம் எழுதினார்கள். தடிமனைப் பார்த்து அதற்குச் ‘செங்கல்’ என்று பெயர். 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு அது தளபதிகளின் மேசைக்குப் போனது. 1975 மார்ச்சில் ஃப்ரீட்மன் ஆறு நாள் பயணமாக வந்து, ராணுவ ஆட்சித் தலைவர் பினோசெட்டை முக்கால் மணி நேரம் சந்தித்து, படிப்படியாக வேண்டாம், அதிர்ச்சி வைத்தியம் வேண்டும் என்றார். அரசுச் செலவை அடியோடு வெட்டினார்கள். அந்த ஆண்டு உற்பத்தி சுமார் 13 சதவீதம் விழுந்தது. பணவீக்கம் பல ஆண்டு எடுத்துக்கொண்டு 1981-ல் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். 1979-ல் நிதியமைச்சர் செர்ஜியோ டி காஸ்ட்ரோ, சிகாகோவின் முதல் அணி மாணவர்களில் ஒருவர், டாலருக்கு 39 பெசோ என்று மாற்று விகிதத்தைக் கட்டிவைத்தார். மிதக்கும் மாற்று விகிதத்துக்கு 1950களிலேயே உலகறிய வாதாடியவர் ஃப்ரீட்மன்! கட்டிவைத்த விகிதத்தோடு, முந்தைய பணவீக்கத்தோடு கூலியைப் பிணைத்த தொழிலாளர் சட்டம்; மேற்பார்வை இல்லாமல் திறந்துவிட்ட வங்கிகள்; தங்கள் குழுமத்துக்கே கடன் கொடுத்துக்கொண்ட பெருமுதலாளிகள். இந்த நான்கும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டன. உள்ளூர் விலை ஏற ஏற இறக்குமதி மலிவானது, டாலர் கடன் குவிந்தது. கூலி இறங்க முடியாது, பெசோவும் இறங்க முடியாது என்ற நிலையில், உலக வட்டி ஏறியதும் வேலைவாய்ப்புதான் இறங்கியது. 1982 ஜூனில் கட்டு அறுந்தது. உற்பத்தி மீண்டும் ஏறத்தாழ 14 சதவீதம் சரிந்தது. 1983 ஜனவரியில் அரசே வங்கிகளைக் கையில் எடுக்க நேர்ந்தபோது, ‘சோஷலிசத்துக்குச் சிகாகோ வழி’ என்று சிலேக்காரர்கள் சிரித்தார்கள். 1980களின் நடுவில் கட்டுப்பாடுகளைத் திருத்திக்கொண்டு வந்த பிறகே நிலையான வளர்ச்சி தொடங்கியது.

பாடம் தப்பா, பாடத்தை நடத்தியவர்கள் தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எங்கள் பார்வையில் சிலேக்குப் போகாத பொருள் ஒன்று உண்டு: பக்கம் ஒன்று, கேள்வி உண்டா? சாண்டியாகோவில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடிய பத்திரிகைகளும் சங்கங்களும் நாடாளுமன்றமும் மூடப்பட்டிருந்தன. எதிர்த்தவர்கள் சிறையிலோ நாடுகடந்தோ காணாமலோ போயிருந்தார்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஹைடு பார்க்கில் ஒரு முதுகலை மாணவர் மாற்று விகிதக் கட்டுரையைக் கொண்டுவந்திருந்தால் மூன்றாம் பக்கம் தாண்டியிருக்க மாட்டார். அங்கே அது மூன்றாண்டு நாட்டுச் சட்டமாக இருந்தது. சிகாகோவில் படித்துப் பட்டம் பெற்ற ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் சிலே பற்றித் தன் ஆசிரியர்களுக்கு எழுதிய திறந்த மடல் பயிலரங்குக்கு வெளியேதான் வாசிக்கப்பட்டது.

ஒப்பீட்டுக்கு, கோஸ் 1959-ல் அலைக்கற்றையை ஏலம் விடலாமே என்றதை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் முன் சொன்னபோது, இது பெரிய வேடிக்கையா என்று கேட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1994-ல்தான் அமெரிக்கா ஏலம் விட்டது. ஏல விதிகளை வகுத்ததில் ஸ்டான்ஃபோர்டின் மில்கிரோம், வில்சன் போன்றவர்களுக்குப் பெரும்பங்கு. இடையில் பலர் அந்த யோசனையைக் கடித்துத் துப்பியிருந்தார்கள். இந்தியாவில் 2010-ல் 3ஜி ஏலம் வந்ததற்கும், முதலில் வருபவருக்கு முதலில் என்று 2008-ல் கொடுத்த உரிமங்கள் 122-ஐ 2012-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கும் பின்னால் இருப்பது இதே வாதம்தான்.

தமிழ் அடுக்கு

1962-ல் ஏ. கே. ராமானுஜன், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் போனார். உ. வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை கையில் கிடைத்தது. 1967-ல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின், அகத்திணை பற்றி இதுவரை கேள்விப்படாத கவிஞர்கள் பலர் அதைப் படித்தார்கள். மைசூரில் பிறந்த ஒரு தமிழருக்குச் சங்கக் கவிதை கிடைத்த இடம் மிச்சிகன் ஏரிக்கரை என்பதில் ஆச்சரியம் வேண்டாம்; வாங்கி வைக்க ஓர் ஆளும் அலமாரியும் இருந்தன, அவ்வளவுதான். அதே காலத்தில் பி.எல். 480 திட்டத்தின்படி, கோதுமை விற்ற ரூபாயை இந்தியாவை விட்டு வெளியே எடுக்க முடியாத அமெரிக்கா, அந்தப் பணத்தில் இந்திய மொழி நூல்களை மொத்தமாக வாங்கித் தன் நூலகங்களுக்கு அனுப்பியது. நல்லது கெட்டது பார்க்காமல் வாங்கியதால் துப்பறியும் நாவலும் கட்சி இதழும்கூட அங்கே போயின.

1994-ல் எடுத்த முடிவு இதிலிருந்து மாறுபட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் காலமானபின் அவர் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என லட்சம் அளவிலான பொருள்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்து, நுண்படச் சுருளில் பதிவு செய்து நகலை மட்டும் எடுத்துக்கொண்டது. அமிலக் காகிதம் உடைந்து உதிரும் நிலையில் இருந்த நூல்களுக்கு இடமாற்றத்தைவிட, பூச்சி ஒழிப்பும் ஈரப்பதக் கட்டுப்பாடும் உடனடிப் படமெடுப்பும்தான் அவசரத் தேவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் தேடும் எவரும், பெரும்பாலும் தெரியாமலே, சிகாகோவின் வழங்கியைத்தான் தட்டுகிறார்கள். இங்கே மூலமும் முறையும் சேர்ந்தே பயணித்தன. யாரும் போய்ச் சரிபார்க்கலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம்

1920களில் இதே பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்கள் சிகாகோ நகரை 75 பகுதிகளாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். இன்று 77 ஆகியும் நகரின் புள்ளிவிவரம் அந்தக் கோடுகளில்தான் ஓடுகிறது. கறுப்பர்களுக்கு வீடு விற்காதே என்ற ஒப்பந்தங்களைக் காக்கும் வழக்குகளுக்கு 1930, 40களில் பணம் கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம். 1958-ல் ஏற்கப்பட்ட நகரப் புதுப்பிப்புத் திட்டம் ஹைடு பார்க்கில் பல்லாயிரம் ஏழைகளை இடம்பெயர்த்தது. அதில் பெருந்தொகையினர் கறுப்பர். தன் வாசலில் நடப்பதைத் தன் பயிலரங்கில் வைத்து வெட்டிப் பார்க்காத குறை இது.

1967-ல் ஹாரி கால்வென் தலைமையில் ஒரு குழு, பல்கலைக்கழகம் விமர்சகர்களின் வீடாக இருக்கலாம், தானே விமர்சகராக இருக்கக் கூடாது என்று எழுதியது. அன்றாட அரசியலில் நிறுவனமாகக் கருத்துச் சொல்லாது. கல்விப் பணிக்கே ஆபத்து வந்தால் மட்டும் பேசும். தென்னாப்பிரிக்கா, சூடானின் தார்ஃபுர் விவகாரங்களில் முதலீட்டை விலக்க மறுத்தபோது இதையே காட்டினார்கள். 1969 உள்ளிருப்புப் போராட்டத்துக்குப் பிறகு 42 மாணவர்களை நீக்கியதும் 81 பேரை இடைநிறுத்தியதும் நடுநிலையா என்று கேட்டவர்கள் உண்டு. 2015-ல் வெளியான கருத்துச் சுதந்திர அறிக்கையை நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அறிக்கையின் வாசகத்தை. பயிலரங்கு விதிகளை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் கணக்கு மிகச் சிறியது.

கடன்

கடந்த இருபதாண்டில் கட்டடத்துக்கும் விரிவாக்கத்துக்கும் வாங்கிய கடன் சுமார் 600 கோடி டாலர் அளவுக்கு வந்துவிட்டது. 2023, 2024 நிதியாண்டுகளில் பற்றாக்குறை இருபது கோடி டாலரைத் தாண்டியது. 2025-ல் கலை, மனிதப்பண்பியல் புலம் 2026–27க்கான முனைவர் பட்டச் சேர்க்கையைப் பெரும்பாலான துறைகளில் நிறுத்தியோ குறைத்தோ வைத்தது. மாணவரே குறைவான மொழித் துறைகளுக்கு ஓராண்டு இடைவெளி வெறும் ஓராண்டு அல்ல. பழந்தமிழ் வாசிக்க ஒரு மாணவருக்கு நான்கைந்து ஆண்டு பிடிக்கும்; மேல் வகுப்பில் ஆள் இல்லாதபோது கீழ் வகுப்புக்குக் கற்பிக்க உதவியாளர் கிடையாது; வாசிப்புக் குழுவில் மூன்று பேருக்குக் கீழே போனால் பாடலைப் பிரித்துச் சண்டை போட எதிராளி இல்லை. நிதி அலுவலகத்தின் கணக்கேட்டில் இது மிகச் சிறிய சேமிப்பு வரி.